தட்டம்மை டாக்டர்

பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததும் அவள் முன் இருக்கையின் முதுகில் இடது கையை விரித்து வைத்து, அதன் நடுவிரலை வலது கை நடுவிரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தி இன்னும் இரண்டு. முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார்.

"மன்னிச்சுக்குங்க. கைப்பழக்கம்."

அவர் திரும்பிக்கொண்டதும் கை மடியிலிருந்த பைக்குப் போயிற்று. உள்ளே சாப்பாட்டு டப்பா இருந்தது. டப்பா இருக்கும் இடத்தில் ஒரு சத்தம், வெறும் துணி இருக்கும் இடத்தில் வேறு சத்தம். டப்பா எங்கே முடிகிறதென்று பையைத் திறக்காமலே கண்டுபிடித்துவிட்டு, அந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டாள். அப்புறம்தான் கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்தாள்.

வீட்டில் தண்ணீர் டிரம், அலமாரிக் கதவு, குளியலறைச் சுவர் எதுவும் தப்பவில்லை. டிரம்மில் தண்ணீர் எதுவரை இருக்கிறதென்று வீட்டில் யாரும் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை, அவளைக் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவன்தான் பெயர் வைத்தான்: 'தட்டம்மை'. மகள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல, ஆசிரியை அலறியடித்துக்கொண்டு போன் செய்தார், வீட்டில் யாருக்கு அம்மை என்று. "எங்கம்மாவுக்குத்தான் மிஸ், ரொம்ப வருஷமா இருக்கு" என்றிருக்கிறது பெண்.

அவள் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர். வயது நாற்பத்து மூன்று. வலது நடுவிரல் நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். தட்டு வாங்குகிற இடது நடுவிரலின் நகக்கண் எப்போதும் கொஞ்சம் கன்றிப் போயிருக்கும். மோதிரம் போட மாட்டாள், சத்தத்தைக் கெடுக்கும். நடையில் அவசரம் இருக்கும், பேச்சில் இருக்காது. அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களைப் பார்த்து, ஊசி போட்டு, மூச்சை நிலைப்படுத்தி, சீட்டில் 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதுவதுதான் இத்தனை வருஷமாக அவள் வேலை.

"அனுப்பி வைக்கிறவளாவே இருந்துட்டேன். ஒரு தடவையாவது யாராச்சும் என்கிட்ட அனுப்பி வைக்கணும்" என்பாள்.

அதற்கு மேல்படிப்பு வேண்டும். படித்தாள். எழுத்துத் தேர்வு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் எல்லாம் செய்முறைத் தேர்வில், அதிலும் நெஞ்சு நோயாளியில். முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிலில் உட்கார வைத்திருப்பார்கள். என்ன நோய் என்று நோயாளியும் சொல்லக் கூடாது, நாமும் கேட்கக் கூடாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, விரலால் தட்டி, காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேர்வாளர் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கு இரண்டு முறையும் வாய்த்தவர்கள் நுரையீரலில் அறுவை சிகிச்சை ஆனவர்கள்.

முதல் முறை வந்தவர் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்த ஒரு கனத்த மனிதர். வலது மார்பைத் தட்டினால் சுவரைத் தட்டியது போலிருந்தது. மூச்சுச் சத்தமும் இல்லை. 'நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது' என்றாள். "மூச்சுக்குழல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கு?" என்று கேட்டார் தேர்வாளர். வலப்பக்கம் என்றாள். சொன்ன வாயை மூடுவதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது: நீர் கோத்தால் குழல் எதிர்ப்பக்கம் தள்ளப்படும், இங்கே அதே பக்கம் இழுத்திருக்கிறது. தேர்வாளர் எழுந்து வந்து அந்த மனிதரை முன்னால் குனியச் சொன்னார். தோள்பட்டை எலும்புக்குக் கீழிருந்து அக்குள் வரை பிறைபோல வளைந்த நீளத் தழும்பு. வலது நுரையீரல் முழுவதையும் எடுத்தாயிற்று. அங்கே நுரையீரலே இல்லை. அவள் முதுகைப் பார்க்கவே இல்லை.

சூடு கண்ட பூனை. இரண்டாம் முறை உள்ளே போனதும் முதல் வேலையாக முதுகைப் பார்த்தாள். தழும்பு இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டதென்று நினைத்து, அடியில் மட்டும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, 'முழு நுரையீரலும் எடுத்திருக்கிறார்கள்' என்று கணீரென்று சொன்னாள். மேலே மூச்சு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எடுத்தது கீழ்ப் பாகம் மட்டும்.

முதல் முறை தழும்பைப் பார்க்காமல் தோற்றாள், இரண்டாம் முறை தழும்பை மட்டுமே பார்த்துத் தோற்றாள். மூன்றாம் முறையும் தோற்றால் படிப்பையே முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் முன்னால் போய்விட்டார்கள். அவள் ஊசி போடக் கற்றுக்கொடுத்த பையன் இப்போது 'என்ன மேடம், இந்தத் தடவையாவது…' என்று இழுக்கிறான். அவள் அழுததை யாரும் பார்த்ததில்லை. தோற்ற அன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, "அடுத்தது எப்பன்னு தேதி போட்டுட்டாங்களா பாருங்க" என்றாள்.

கணவன் தன் தொழில் பாஷையில்தான் ஆறுதல் சொல்வான். "நீ விழல. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறே. அதுக்கும் விழுந்ததுக்கும் வித்தியாசம் இருக்கு."

"நடுவுல நின்னா உள்ள இருக்கிறவனுக்கு மூச்சு முட்டும்ங்க."

"அதுக்குத்தானே நீ மூச்சு படிக்கிறே?"

வீட்டில் அவளுக்குக் கிடைத்த நிரந்தர நோயாளி மாமியார். சமையல் முடித்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும், மருமகள் பின்னால் வந்து நிற்பாள். "அத்தை, ஒரு நிமிஷம். கையைக் குறுக்கா கட்டி எதிர்த் தோளைப் பிடிச்சுக்குங்க. அப்பத்தான் முதுகெலும்பை விட்டுத் தோள்பட்டை விலகும்."

"அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும்பாங்க. என் முதுகு அம்மியாடி?"

"இழுத்து மூச்சு விடுங்க அத்தை."

"பெருமூச்சு விடறதுக்கு எனக்குச் சொல்லியா தரணும்? இந்த வீட்டுக்கு மருமகளா வந்ததுலேர்ந்து விடறேன்." ஆனாலும் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்காருவார். கொஞ்ச நாளில் அந்த அம்மாளுக்கு அதுவே பழகிப்போய், மருமகள் தட்டுகிற தாளத்தில் தூங்கிவிடுவார். குறட்டை வந்தால் மருமகள் அதையும் ஸ்டெதஸ்கோப்பில் கேட்பாள்.

நல்ல நுரையீரலைத் தட்டித் தட்டி என்ன பயன்? வாராவாரம் டியூட்டி இல்லாத மதிய வேளையில் நெஞ்சு அறுவை சிகிச்சை வார்டுக்குப் போகத் தொடங்கினாள். வார்டு நர்சிடம் கேட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பாள்: "உங்களைப் பரிசோதிச்சுப் பாக்கலாமா? உங்களுக்கு இதனால ஒரு லாபமும் இல்ல. எனக்குத்தான்." வேண்டாம் என்றவர்களிடம் மறுபடி கேட்டதில்லை.

அங்கே ஒரு பேருந்து ஓட்டுநர் இருந்தார். இடது நுரையீரல் முழுவதும் எடுத்து, காயத்தில் சீழ் பிடித்ததால் வீட்டுக்குப் போக முடியாமல் கிடந்தவர். அவளைப் பார்த்தாலே சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு புலம்ப ஆரம்பிப்பார்.

"இழுத்து விடு, இழுத்து விடுங்கறீங்க. இருக்கிறதே ஒண்ணு டாக்டர். அதையும் நீங்களே தேய்ச்சிடுவீங்க போலிருக்கே!"

"வேணாம்னா சொல்லுங்க, போயிடறேன்."

"போனா அடுத்த வருஷமும் பெயிலாயி என்கிட்டயே வருவீங்க. தட்டுங்க, தட்டுங்க. ஆரன் மட்டும் அடிக்காதீங்க."

அவரிடம் அவள் அவசரப்படாமல் இருக்கப் பழகினாள். முதலில் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் மூச்சு விடுவதைச் சும்மா பார்ப்பாள். இடது மார்பு கொஞ்சம் தட்டையாகக் கிடக்கும். வலது பக்கம் ஏறி இறங்க, இடது பக்கம் வேடிக்கை பார்க்கும். பிறகு கழுத்துக் குழியில் விரலை வைத்து மூச்சுக்குழலைத் தேடுவாள். அது இடப்பக்கம் சாய்ந்திருக்கும். காலி வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் சாமான் வைப்பதைப் போல, வெறுமையான இடத்துக்குள் மற்றதெல்லாம் நகர்ந்து வரும். அதன் பிறகே தட்டுவாள், அதன் பிறகே கேட்பாள். ஒரு பாகம் மட்டும் எடுத்தவர்கள் எதிர்க் கட்டில்களில் இருந்தார்கள். அவர்களிடம் சில சமயம் தழும்பைத் தவிர ஒன்றுமே தெரியாது. மிச்சமிருக்கும் நுரையீரல் விரிந்து இடத்தை நிரப்பிக்கொண்டு, 'இங்கே எதுவும் நடக்கவில்லையே' என்று முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். அவர்களிடம்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது.

தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு போன் வந்தது. கல்லூரியில் அவளோடு படித்தவன், பின்பெஞ்சுக்காரன். அவள் எழுதிய குறிப்புகளைப் படித்தே கரையேறியவன். இப்போது பேராசிரியன், இந்த முறை தேர்வாளர்களில் ஒருவன்.

"நெஞ்சு கேஸ் இந்தத் தடவை எனக்குத்தான் போட்டிருக்காங்க. உன் பேரும் என் பக்கம்தான் வருது. நீ ஒண்ணும் கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தைப் பாப்பே?"

"எந்தப் பக்கம், எவ்வளவு எடுத்திருக்குன்னு லேசா ஒரு கோடு காட்டறேன். மத்ததெல்லாம் உனக்கே தெரியும். ஏதோ என்னால முடிஞ்சது. நீ எனக்குச் செஞ்சதுக்கு…"

அவள் அடுப்பை அணைத்தாள். மாமியார் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நீ கோடு போட்டுக் குடுத்து நான் ரோடு போட வேணாம்டா" என்றாள். "நாளைக்கே போயி, அவ என் கூடப் படிச்சவ, எனக்கு வேற இடம் குடுங்கன்னு நீயே சொல்லிடு. நீ சொல்லலேன்னா நான் போய்ச் சொல்லுவேன்."

"உனக்குத் திமிரு இன்னும் போகல. இது கடைசித் தடவைன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். நாளைக்கு ஒருத்தர் முதுகுல கையை வைக்கறப்ப, இது நான் கண்டுபிடிச்சதா நீ சொன்னதான்னு எனக்குச் சந்தேகம் வரக் கூடாது."

அவன் போனை வைத்துவிட்டான். சொன்னபடி இடத்தை மாற்றிக்கொள்ளவும் செய்தான். வயிற்று நோயாளிகள் பக்கம் அவன் போக, நெஞ்சுப் பக்கத்துக்கு வந்தது வெளியூர்ப் பேராசிரியை ஒருவர். அவர் பெயரைச் சொன்னால் மாணவர்கள் தண்ணீர் கேட்பார்கள். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுவார் என்று பேச்சு.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே!"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்றும் சாப்பிட்ட பிறகு மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

தேர்வு நாளன்று கூடத்தைத் துணித் திரைகளால் தடுத்திருந்தார்கள். அவளுக்கு வந்த நோயாளி சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள். அறுபதைத் தொட்ட வயது. சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க உட்கார்ந்த பிள்ளையைப் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் பேராசிரியை. தடித்த கண்ணாடி, கையில் பேனா, முகத்தில் எதுவும் இல்லை.

அவள் வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டு, எங்காவது வலிக்கிறதா என்று விசாரித்தாள். "இல்லம்மா, நீ பாரு" என்றார் அந்த அம்மாள். அவள் கால்மாட்டுக்குப் போய் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பேராசிரியையின் பேனா தட்டியது. "நேரம் போகுது டாக்டர்."

"பாத்துக்கிட்டிருக்கேன் மேடம்."

இரண்டு பக்கமும் ஏறி இறங்கின. இடது பக்கம் ஒரு இழை குறைவோ என்று தோன்றியது, அவ்வளவுதான். அந்த அம்மாளின் விரல் நகங்களைப் பார்த்தாள். கழுத்துக் குழியில் கை வைத்தாள். குழல் நடுவிலேயே இருந்தது. முன்புறம் தட்டினாள், கேட்டாள். பிறகு கைகளைக் குறுக்கே கட்டச் சொல்லி முதுகுப்பக்கம் வந்தாள். இடது தோள்பட்டைக்குக் கீழே வெளுத்த தழும்பு, அக்குளை நோக்கி வளைந்து போயிற்று.  இரண்டாம் முறையும் இப்படித்தான் தழும்பு கண்ணில் பட்டது. அவள் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, உச்சியிலிருந்து அடிவரை, ஒவ்வொரு இடத்திலும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். பாதியில் அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. காலையிலிருந்து பலபேருக்கு இழுத்து விட்டவர்.

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தாள். "கொஞ்சம் சும்மா இருங்கம்மா. அவசரமில்ல."

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் தோள்கள் ஏறி இறங்குவது நிதானத்துக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எல்லா இடத்திலும் மூச்சு இருந்தது. இடது அடியில் மட்டும், கதவைச் சாத்திய அறைக்குள்ளிருந்து வருவது போல, கொஞ்சம் மங்கல்.

மணி அடித்தது. பேராசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"சொல்லுங்க. மூச்சுக்குழல்?"

"நடுவுல இருக்கு மேடம்."

"இடது பக்கம் ஆபரேஷன் ஆகியிருக்கு. தழும்பைப் பாத்தீங்க. குழல் இழுத்திருக்கும்னு புத்தகத்துல இருக்கே?"

இதோ, கோடு. போட்டுக் கொடுக்கிறாரா, குழி வெட்டுகிறாரா? ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் தப்பித்துவிடலாம் போலிருந்தது.  அவள் தன் விரலைப் பார்த்தாள். அது அந்தக் குழியில் எதைத் தொட்டதோ அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"புத்தகத்துல இருக்கு. இந்தம்மாவுக்கு நகரல மேடம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. முழு நுரையீரலையும் எடுத்திருந்தா குழல் இழுத்திருக்கும், இந்தப் பக்கம் இவ்வளவு மூச்சுச் சத்தமும் கேக்காது. ஒரு பாகம்தான் எடுத்திருக்கணும். மீதி விரிஞ்சு இடத்தை நிரப்பிடுச்சு."

"எந்தப் பாகம்?"

"அடியில சத்தம் குறையுது. கீழ்ப் பாகமா இருக்கலாம்னு சந்தேகம். ஆனா எக்ஸ்ரேயைப் பாக்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கு இது மூணாவது தடவை. அடிச்சுச் சொல்லாம இருந்தா எப்படி?"

"போன தடவை அடிச்சுச் சொன்னேன் மேடம். அதான் மூணாவது தடவை."

பேராசிரியை எதையோ எழுதினார். எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தார். "போகலாம்" என்றார். முகத்தில் அப்போதும் எதுவும் இல்லை.

சாயங்காலம் பட்டியலை ஒட்டினார்கள். கூட்டம் முண்டியடித்தது. அவள் ஓரமாக நின்று, எல்லோரும் விலகிய பிறகு போய்ப் பார்த்தாள். தன் எண் இருந்தது. மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை படித்தாள். இருந்தது. பின்பெஞ்சுக்காரன் எதிரே வந்தான், கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். கணவன்தான் எடுத்தான். மாமியார் போனைப் பிடுங்கி, "இனிமே என் முதுகுக்கு ஓய்வு உண்டா இல்லையா, அதை மொதல்ல சொல்லு" என்று கத்தினார். கத்தல் பாதியில் உடைந்தது. கணவன் அவளை அழைத்துப்போக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தேர்வுக் கூடத்து வாசலில், நோயாளிகளைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிற வண்டிக்காகச் சலவைக் கடை அம்மாள் பெஞ்சில் காத்திருந்தார்.

"நீதானே என்னைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்ன பொண்ணு? பாஸா?"

"பாஸும்மா."

"அப்பாடா. அந்தக் கண்ணாடிக்காரம்மா உன்னைக் கேட்ட கேள்வியில எனக்கே மூச்சடைச்சுப் போச்சு." இடது விலாவிலிருந்து ஆஸ்பத்திரிச் சட்டைத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடியே பேசினார். விரல் கொஞ்சம் தளர்ந்து துணி உடம்பில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா அங்க?"

"ஒண்ணுமில்ல. துணி பட்டா நெருப்புப் பட்ட மாதிரி இருக்கும். ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அப்படித்தான்."

"காலையில கேட்டேனே, வலிக்குதான்னு?"

"எல்லாரும்தான் கேட்டாங்க. இருக்குன்னு சொன்னா உங்க பரீட்சை கெட்டுப் போயிடுமோன்னு இல்லேன்னுட்டேன்."

பையில் போன் அடித்தது. கணவன் வெளி கேட்டுக்கு வந்திருப்பான். அவள் பையைத் திறக்காமலே பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். "பரீட்சை முடிஞ்சாச்சும்மா, இப்ப எங்க வலிக்குதுன்னு காட்டுங்க" என்றாள். கூடத்துக்குள் போய் ஒரு துணித் திரையைத் தரதரவென்று இழுத்து வந்து பெஞ்சைச் சுற்றி மறைத்தாள். அந்த அம்மாளின் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து, சூடேறும் வரை தேய்த்தாள்.